ஆட்சேபத் தேநீர்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர் சிவகாமசுந்தரி. மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் காரின் கண்ணாடி இறங்கும்போதே, பின்னால் இருப்பது சிகரெட் பெட்டியா, வெறும் மாம்பழக் கூடையா என்று ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். "அறிவிக்க ஏதாவது இருக்கா?" என்று அவர் கேட்டால், வாய் இல்லை என்று சொல்லும், காது மடல் சிவந்து ஆமாம் என்று சொல்லும். அவ்வளவுதான், டிக்கியைத் திறக்க வேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று அறுபது வயதும் தாண்டிய பிறகு, தானே ஒரு விஷயத்தை மனசுக்குள் பதுக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் நடமாடிக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தின் பெயர் தங்கராஜு.

விஷயம் நடந்த இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில், இரும்புச் சாமான் கடைக்கும் சின்ன ஹோட்டல் ஒன்றுக்கும் நடுவே ஒரு பழைய கடைவீடு இருக்கிறது. நீல வண்ணப் பலகைச் சன்னல்கள், முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதை, உள்ளே நுழைந்தால் வெளிச்சம் கொட்டும் ஒரு முற்றம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பும் பின்பும் அங்கே குடியிருந்தவர் ஆசிரியர் சின்னையன். 'நேர்மொழி' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். சாதி பார்க்காதே, பெண்ணைப் படிக்க வை, புருஷன் போய்விட்டால் அவள் வாழ்க்கையும் போய்விட்டதாக நினைக்காதே என்று எழுதி எழுதியே பாதி சந்தாதாரர்களை இழந்தவர். அதற்காக மனுஷன் அசரவில்லை. மீதிப் பாதியையும் திட்டி எழுதினார்.

இப்போது அந்த வீடு நாகூர்க்காரர் அப்துல் அஜீஸுக்குச் சொந்தம். துணி வியாபாரக் குடும்பம். அவருடைய வாப்பா காலத்தில் வாங்கியது. அவர் மனைவி ரஷீதா கட்டடக் கலைஞர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டின் மேல் அவருக்கு ஒரு கண். கடைசியில் புருஷனின் துணி மூட்டைகளை எல்லாம் வேறு இடத்துக்கு விரட்டிவிட்டு, வீட்டைப் பழையபடி சீராக்கி, வார இறுதிகளில் ஊருக்குத் திறந்துவிட்டார். சின்னையன் சுவரில் தன் கையாலேயே எழுதிப் போட்டிருந்த வாசகம் சுண்ணாம்புக்குக் கீழே கிடைத்தது. "சேர்க்காதே, குறைக்காதே." செய்தி எழுதுகிறவர்களுக்கு அவர் வைத்த சட்டம் அது. ரஷீதா அதைச் செய்திக்கு மட்டுமில்லாமல் வீட்டுக்கே சட்டமாக்கிவிட்டார். அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஆணி ஒன்று கூடக் கூடாது. பாவம் அஜீஸ், ஒரு ஏர்கான் மாட்டலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டைச் சுற்றிக் காட்டும் தொண்டூழியர் சிவகாமி. விளக்கு, மின்விசிறி, கதவு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சரிவுப் பலகை போடுவது என்று மற்றதை எல்லாம் பார்த்துக்கொள்கிறவர் தங்கராஜு. அங் மோ கியோவில் வீடு. வாழ்நாள் முழுக்க வீவக என்ற அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுது பார்த்தவர். மனைவி காலமாகி ஆறு வருஷம். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் ஒரு குறும்பு இருக்கும். சிவகாமியை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, "ஆபிசர்" என்பார்.

வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்துப்போவது ஒரு பிரம்பு நாற்காலி. அதற்கு எதிரே ஒரு நீள பெஞ்சு. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு சிவகாமி கதையை ஆரம்பிப்பார். சாதி மாறிக் கட்டிக்கொள்ள நினைத்தவர்கள், புருஷனை இழந்து மறுபடி வாழ நினைத்தவர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் இந்த வீட்டுக்குத்தான் ஓடி வந்தார்கள். அவர்களைப் பற்றித் தமிழர்கள் கூடும் சிராங்கூன் சாலை முழுக்க வாய் வலிக்கப் பேசியது. சின்னையனுக்குப் புறம் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அதனால் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். வாசல் கதவில் அறிவிப்பு ஒட்டுவார். ஆட்சேபம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வர வேண்டும். இந்த நாற்காலியில் உட்கார வேண்டும். கொடுக்கிற தேநீரை முழுக்கக் குடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான், எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜோடியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், கோப்பையைத் தட்டில் கவிழ்த்துவிட்டுப் போகலாம்.

"எத்தனை பேர் ஆட்சேபம் சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, கூட்டம் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுப்பார் சிவகாமி. "வந்தாங்க, குடிச்சாங்க, மூஞ்சியைப் பாத்தாங்க, டீ நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கவுத்துட்டுப் போயிட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். கதவோரம் நின்று, ஏற்கெனவே நூறு முறை கேட்ட தங்கராஜுவும் சிரிப்பார். சிவகாமி கூட்டத்தைப் பார்ப்பதுபோல் அந்த ஒரு சிரிப்பைத்தான் பார்ப்பார்.

இரண்டு வருஷமாக இப்படித்தான். காலையில் தங்கராஜு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் இரண்டு வாங்கி வருவார், ஒன்று உருளைக்கிழங்கு, ஒன்று சார்டின் மீன். "எது வேணும் ஆபிசர்?" என்று நீட்டுவார். சிவகாமி சார்டினைத்தான் எடுப்பார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பார். இந்தக் கேள்விக்காகவே சிவகாமி சனிக்கிழமைகளில் வீட்டில் பசியாறாமல் வர ஆரம்பித்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வாய்ப்பு வராமல் இல்லை. சித்திரையில் ஒரு நாள் மாலை, ஜாலான் புசார் பேருந்து நிறுத்தத்தில் தங்கராஜு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆபிசர், ஒண்ணு கேக்கணும்" என்றார். அவர் காது மடல் சிவந்திருந்தது. இருபத்தேழு வருஷ அனுபவம். என்ன கேட்கப்போகிறார் என்பது சிவகாமிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. "ஐயோ, என் பஸ் வந்துடுச்சு!" என்று வந்து நின்ற பேருந்தில் தாவி ஏறிவிட்டார். அது அவருடைய பேருந்தே இல்லை. அவர் வீடு இருக்கும் உட்லண்ட்ஸ் திசைக்கே அது போகாது. எங்கேயோ பிடோக்கில் இறங்கி, எம்ஆர்டி ரயில் பிடித்து, வழி நெடுக தன்னைத் தானே திட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு தங்கராஜு எதுவும் கேட்கவில்லை. கறிபாப் மட்டும் நிற்கவில்லை.

பயம் மகனை நினைத்துத்தான். ராஜீவ் நல்ல பிள்ளை. செங்காங்கில் மனைவி திவ்யதர்ஷினியோடு இருக்கிறான். அப்பா போன இந்த ஒன்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் "சாப்டீங்களாம்மா?" என்று மெசேஜ் அனுப்புவான், என்ன சாப்பிட்டார் என்று இவர் பதில் போடுவார். அந்தப் பிள்ளை முகம் சுருங்கிவிட்டால்? கோயில் தோழிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசினால்? ஊராருக்கு வாரா வாரம் சீர்திருத்தம் சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்குத் தன் விஷயம் என்று வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதை யாராவது சின்னையனிடம் போட்டுக்கொடுத்திருந்தால், இவரையும் திட்டி ஒரு தலையங்கம் எழுதியிருப்பார்.

ஆடி மாதம் வந்தது. தேசிய தினம் நெருங்கி, அடுக்குமாடிகளில் எல்லாம் கொடி தொங்க ஆரம்பித்த நேரம். ரஷீதாவுக்கு ஒரு யோசனை முளைத்தது. வீட்டைத் திறந்து மூன்று வருஷம் ஆவதைக் கொண்டாட, அந்தக் காலத்து ஆட்சேபத் தேநீரை அப்படியே நடித்துக் காட்டுவது. மணமக்களாக நடிக்க இரண்டு இளம் நாடகக்காரர்களைப் பிடித்தும் வைத்திருந்தார். புதன்கிழமை பார்த்து, மாப்பிள்ளையாக நடிக்க இருந்த நிதீஷை ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை இல்லாமல் நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அந்தப் பெண்ணும் கழன்றுகொண்டது.

ரஷீதா நேராக சிவகாமிக்குப் போன் போட்டார். "அக்கா, வேற வழியே இல்ல லா. நீங்களும் தங்கராஜு அண்ணனும் உக்காருங்க. டயலாக்கே கிடையாது. சும்மா ஜோடியா உக்காந்து வர்றவங்க மூஞ்சியப் பாக்கணும், அவ்ளோதான்."

"தங்கராஜு என்ன சொன்னாரு?" என்றார் சிவகாமி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"'ஆபிசருக்குச் சம்மதம்னா எனக்கும் சரி'ன்னாரு."

"நடிப்புத்தானே. சரி" என்றார் சிவகாமி. போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து, எந்தச் சேலை என்று ஒரு மணி நேரம் நின்றார்.

இதற்கப்புறம் நடந்ததற்கு முழுக் காரணம் ரஷீதாவின் பிடிவாதம். பழைய அறிவிப்பு எப்படி இருந்ததோ அதே எழுத்து, அதே மஞ்சள் தாள், அதே வாசகம் என்று அச்சடித்து, பெயரை மட்டும் மாற்றி, வியாழக்கிழமை காலையில் வாசல் கதவில் ஒட்டினார்:

"உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற சோதனைச்சாவடி அதிகாரி சிவகாமசுந்தரி அம்மையாரும், அங் மோ கியோ, மின்தூக்கி நுட்பர் தங்கராஜு அவர்களும் ஒருவரையொருவர் விரும்பி, மணம் புரிய முடிவு செய்துள்ளனர். ஆட்சேபம் உள்ளவர்கள் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இவ்வில்லம் வந்து, தேநீர் அருந்தி, இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லவும். முதுகுக்குப் பின்னால் பேசுவோருக்குத் தேநீர் கிடையாது."

இது நடிப்பு என்று கீழே ஒரு வரி சேர்க்கலாமே என்று அஜீஸ் சொல்லிப் பார்த்தார். ரஷீதா சுவரைக் காட்டினார். சேர்க்காதே, குறைக்காதே. ரஷீதா கதவைப் படம் பிடித்து, "ஞாயிறு எல்லாரும் வாங்க!" என்று இணையத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்தப் படம் தன் பாட்டுக்கு ஊர் சுற்றக் கிளம்பியது. மதியத்துக்குள் சிங்கப்பூரில் தமிழ் தெரிந்த பாதிப் பேர் கையில் அது இருந்தது. மீதிப் பேருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிவகாமிக்கு முதல் போன் சோதனைச்சாவடியில் கூட வேலை பார்த்த யாக்கூப்பிடமிருந்து வந்தது. "என்ன மேடம், அத்தனை வருஷம் ஊரையே 'டிக்ளேர் பண்ணு, டிக்ளேர் பண்ணு'ன்னு பிடிச்சு நிறுத்துனீங்க. நீங்க டிக்ளேர் பண்ணாமயே கடந்துட்டீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிவகாமிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோயில் தோழிகளின் குழுவைத் திறக்கவே பயமாக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். பூங்கொத்துப் படங்கள், கைகூப்பும் படங்கள், "எங்களுக்குப் பட்டுச்சேலை எங்கே?" என்று ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரோகாயா கதவைத் தட்டி, "தஹ்னியா, சிவகாமி!" என்று கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, மாப்பிள்ளைக்கு அடுக்குக் கேக், குவே லாப்பிஸ் பிடிக்குமா என்று கேட்டுப் போனார்.

ராஜீவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. "சாப்டீங்களாம்மா?" கூட வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. சிவகாமி போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தார். எல்லாம் நடிப்பு என்று ஒரு வரி அடித்தால் முடிந்துவிடும். அடித்தார். அனுப்ப விரல் வரவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். அனுப்பிவிட்டால் அது வெறும் நடிப்பாகவே ஆகிவிடும்.

சனிக்கிழமை சின்னையன் வீட்டுக்குப் போனபோது ரஷீதா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, என் மேலதான் தப்பு. இப்பவே ஒரு திருத்தம் போட்டுடறேன். 'இது நடிப்பு மட்டுமே'ன்னு. சரியா?"

தங்கராஜு ஏணி மேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆமா, போட்டுடலாம்" என்றார், விசிறியைப் பார்த்தபடியே. "ஆபிசருக்குச் சங்கடமா இருக்கும்." துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தார். சிவகாமி அண்ணாந்து பார்த்தார். முகம் தெரியவில்லை, காது தெரிந்தது. செக்கச் செவேலென்று இருந்தது.

"திருத்தம் எதுவும் வேணாம், ரஷீதா" என்றார் சிவகாமி. "நாளைக்கு எல்லாரும் வந்ததும் நானே சொல்லிடறேன்."

அன்றைக்குக் கறிபாப்பை நீட்டியபோது எது வேணும் என்று தங்கராஜு கேட்கவில்லை. சிவகாமி சார்டினை எடுத்துப் பாதியாகப் பிட்டு ஒரு பாதியை அவர் கையில் வைத்தார். அவர் அதைச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தச் சந்தில் நடக்க இடமில்லை. கோயில் தோழிகள் தாம்பாளத் தட்டுகளோடு வந்திருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல வருகிறவர்கள் தட்டில் பழம், பூ, சேலை எல்லாம் எதற்கு என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. ரோகாயா மடியில் ஒரு பெரிய டப்பாவோடு முன் வரிசையில் இடம் பிடித்துவிட்டார். ஞாயிறு விடுமுறைக்குச் சிராங்கூன் சாலைக்கு வந்த வெளிநாட்டு ஊழியர்கள், என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்து, கல்யாணம் என்று கேள்விப்பட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். ஐந்தடிப் பாதையில் மேசை போட்டு அஜீஸ் தேநீரை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். வியாபாரத்தில்கூட இவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததில்லை என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

சிவகாமி அரக்குப் பட்டு கட்டியிருந்தார். நடிப்புக்குத்தானே என்று தனக்குத் தானே நான்கு முறை சொல்லிக்கொண்டு கட்டியது. தங்கராஜு மடிப்புக் கலையாத பாட்டிக் சட்டையில், பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார். சிவகாமி அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் இன்னும் இரண்டு ஜோடி தாராளமாக உட்காரலாம்.

சிவகாமி வாயைத் திறப்பதற்குள் ரஷீதா உற்சாகத்தில், "ஆட்சேபம் உள்ளவர்கள் முன்னே வரலாம்!" என்று அறிவித்துவிட்டார். அறிவித்த வேகத்தில் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். சாலையின் அந்தப் பக்கம் நகைக்கடை வைத்திருக்கும் தனசேகரன். தேநீரை வாங்கிக் குடித்தார். பெஞ்சைப் பார்த்தார். சுவரில் சின்னையன் எழுதியதைப் பார்த்தார். மறுபடி பெஞ்சைப் பார்த்தார்.

"ஆடி மாசம் ஆச்சே, யாராச்சும் கல்யாணம் பேசுவாங்களான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். "இந்த வீட்ல உக்காந்துக்கிட்டு அதைக் கேக்க எனக்கே கூச்சமா இருக்கு. பாய், சீனி கொஞ்சம் தூக்கல்." கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். சந்தே கைதட்டியது. சிவகாமிகூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்போடு நிமிர்ந்தபோது வாசலில் ராஜீவ் நின்றுகொண்டிருந்தான்.

அலுவலகத்துக்குப் போவதுபோல் முழுக்கைச் சட்டை. பின்னால் திவ்யதர்ஷினி. கூட்டம் தானாக வழி விட்டது. அவன் அம்மாவைப் பார்க்காமல் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அஜீஸ் கொண்டுவந்து கொடுத்த கோப்பையை வாங்கி மெதுவாகக் குடித்தான். குடிக்கும்போதே தங்கராஜுவின் முகத்தைப் பார்த்தான். தங்கராஜு பார்வையை விலக்கவில்லை. கடைசி மடக்கு வரை குடித்துவிட்டு ராஜீவ் சொன்னான்:

"எனக்கு ஆட்சேபம் இருக்கு."

பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க டெய்லி எனக்கு என்ன சாப்ட்டீங்கன்னு மெசேஜ் அனுப்புறீங்க. இட்லின்னா இட்லி, மீ கோரெங்னா மீ கோரெங். இதை மட்டும் ஆபிஸ்ல பிரபாகர் போனைக் காட்டி, 'கங்கிராட்ஸ் லா, உங்கம்மாவுக்குக் கல்யாணம்'னு சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"ராஜீவ், இரு..."

"இருங்கம்மா, நான் டீயை முழுசாக் குடிச்சிருக்கேன், சொல்லிடறேன். முதல்ல கோவம்தான் வந்துச்சு. பொய் சொல்லல. உங்களுக்கு மெசேஜ் போடக்கூட மனசு வரல. திவ்யாதான் கேட்டா, 'சனிக்கிழமை போன் எடுக்கும்போது மட்டும் அத்தை குரல் வேற மாதிரி இருக்கே, இத்தனை நாளா நீங்க கவனிக்கவே இல்லையா?'ன்னு. நான் கவனிக்கலம்மா. சாப்டீங்களான்னு கேட்டேனே தவிர, சந்தோஷமா இருக்கீங்களான்னு ஒரு நாள்கூடக் கேக்கல." தங்கராஜு பக்கம் திரும்பினான். "அங்கிள் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. என்கிட்ட ஏம்மா சொல்லல? அதான் என் ஆட்சேபம்."

சிவகாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளையை நினைத்தா இத்தனை நாள் பயந்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. ஆனால் இப்போது உண்மையைச் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்றார்.

"ராஜீவ், சொல்றதுக்கு ஒண்ணும் நடக்கலப்பா. இது நடிப்பு. பழைய காலத்துல எப்படி நடந்துச்சுன்னு காட்டுறதுக்கு. நடிக்க வேண்டிய பையனுக்கு ரிசர்விஸ்ட் வந்துடுச்சு, அதனால எங்களை உக்கார வச்சாங்க."

"தப்பு என் மேலதான்" என்று ரஷீதா கையைத் தூக்கினார்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. தாம்பாளத் தட்டுகள் இறங்கின. யாரோ ரோகாயாவுக்கு மலாயில் சொல்ல, அவர் டப்பாவை மடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ராஜீவ் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று அவன் கேட்டபோது அந்த முகம் விழுந்ததைப் பார்த்தாரே, அதுதான் சிவகாமியைப் பிடித்து உலுக்கியது. எந்த முகம் சுருங்கிவிடுமோ என்று பயந்தாரோ, அந்த முகம் இப்போது இல்லை என்ற பதிலுக்காகச் சுருங்கியிருந்தது. திரும்பி தங்கராஜுவைப் பார்த்தார். அவர் தான் துடைத்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் சுவரில் அந்த எழுத்து. சேர்க்காதே, குறைக்காதே. நடிப்பு என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் குறைத்துச் சொன்னது.

"எழுந்திருப்பா" என்றார் மகனிடம்.

ராஜீவ் புரியாமல் எழுந்தான். சிவகாமி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக அதைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. "அஜீஸ் பாய், எனக்கு ஒரு டீ."

அஜீஸ் ஓடி வந்து கொடுத்தார். சுடச் சுட இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சிவகாமி ஊதி ஊதிக் குடித்தார். அவசரப்படவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த தங்கராஜுவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். சட்டம் அதுதானே.

"எனக்கும் ஒரு ஆட்சேபம் இருக்கு. இந்த அறிவிப்புல 'ஒருவரையொருவர் விரும்பி'ன்னு போட்டிருக்கு. அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல."

தாம்பாளத் தட்டுகள் மறுபடி உயர்ந்தன.

"'மணம் புரிய முடிவு செய்துள்ளனர்'னும் போட்டிருக்கு. அது எப்படி? என்னை இவர் இன்னும் கேக்கவே இல்லையே."

சிரிப்பு வெடித்தது. தங்கராஜு பெஞ்சிலிருந்து எழுந்தார். முகம் முழுக்கச் சிவந்து, காது எது கன்னம் எது என்று தெரியவில்லை.

"கேக்க வந்தேனே ஆபிசர். பஸ் வந்துடுச்சுன்னு ஏறிட்டீங்க. அது பிடோக் போற பஸ்."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். இறங்கித் திரும்பி வருவீங்கன்னு இருட்டுற வரைக்கும் அங்கயே நின்னேன்."

சிவகாமி எம்ஆர்டியில் தன்னைத் திட்டிக்கொண்டு போன அந்த மாலை முழுக்க இவர் அந்த நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு நான் எந்த பஸ்ஸுக்கும் போகல" என்றார். "கேளுங்க."

தங்கராஜு பாட்டிக் சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பெயர் சொன்னார். "சிவகாமி, எனக்குச் சனிக்கிழமை மட்டும் போதலை. மத்த நாளும் என்கூட இருக்கீங்களா?"

திவ்யதர்ஷினி அதற்குள் போனை எடுத்து, திருமணப் பதிவகத்தில் எந்தத் தேதி காலி என்று தேட ஆரம்பித்துவிட்டாள். ராஜீவ் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான்.

சிவகாமி பதிலுக்குக் காலிக் கோப்பையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, தட்டில் கவிழ்த்து வைத்தார்.

ரோகாயாவுக்கு இந்த முறை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டார்.